கட்டாத வீட்டில் ஓடும் டிவி

சென்னைப் புறநகரில் ஒரு ஃப்ளாட் வாங்கலாமா என்று அத்தை யோசித்துக்கொண்டிருந்தார். கட்டிடம் இன்னும் தூண் மட்டத்திலேயே நிற்கிறது. ஆனால் விற்பவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பைத் தட்டினால் முழு வீடும் போனில் விரிகிறது. விரலால் இழுத்தால் கூடம் சுழலும். வாசலைத் தட்டினால் சமையலறைக்குள் போய் நிற்கலாம். கூடத்துச் சுவரில் பெரிய டிவி ஒன்று. அதில் ஏதோ விளம்பரப்படம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை பக்கவாட்டில் நகர்ந்தபோது டிவிப் படமும் அதற்கேற்பச் சரிந்தது. தூணுக்குப் பின்னால் போனபோது பாதி மறைந்தது. நடுவில் சிக்னல் போனது. விளம்பரத்துப் பெண் சிரித்த வாயோடு உறைந்து நின்றாள். கூடம் மட்டும் விரலுக்கு ஏற்ப வழுக்கிக்கொண்டு சுழன்றது.

“ஏண்டா, வீடே இன்னும் கட்டலை. இந்த டிவிக்கு மட்டும் கரண்ட் எங்கேருந்து வருது?” என்றார் அத்தை.

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் கேள்வியில் விஷயம் இருக்கிறது. அறை ஓடுகிறது, டிவி நின்றுவிட்டது. அப்படியானால் இரண்டுக்கும் வெவ்வேறு இடத்திலிருந்து ‘கரண்ட்’ வருகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கூடத்தில் டிவி என்று எதுவும் இல்லை. இரண்டு முக்கோணங்கள் இருக்கின்றன. கணினி வரைகலையில் சுவர், தூண், சோபா, தொட்டிச்செடி எல்லாமே முக்கோணங்களை ஒட்டிச் செய்த வெற்றுக் கூடுகள்தாம். செவ்வகமான டிவித் திரைக்கு இரண்டு முக்கோணங்கள் போதும், மூலைவிட்டத்தில் ஒட்டினால் முடிந்தது. முக்கோணத்துக்கு வடிவம் உண்டு, தோற்றம் கிடையாது. அதன்மேல் போர்த்தும் படம்தான் அதைச் செங்கல் சுவராகவோ தேக்குக் கதவாகவோ காட்டுகிறது. நிரலாளர்கள் இந்தப் படத்தை டெக்ஸ்சர் என்பார்கள். நாம் இங்கே ‘போர்வைப்படம்’ என்று வைத்துக்கொள்வோம். 1974இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் இந்த உத்தியை விவரித்தவர் எட்வின் கேட்மல். பின்னாளில் பிக்சார் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர்.

போர்த்துவது என்றால் சும்மா விரித்துவிடுவது அல்ல. தையல்காரர் துணியில் சாக்பீஸால் குறி வைப்பதுபோல, முக்கோணத்தின் ஒவ்வொரு மூலைக்கும் ‘உனக்குத் துணியின் இந்த இடம்’ என்று முன்கூட்டியே குறித்துவைக்கிறார்கள். துணியின் இடது ஓரம் 0, வலது ஓரம் 1. கீழ் ஓரம் 0, மேல் ஓரம் 1. துணி எத்தனை முழம் என்பது முக்கியமில்லை, பாதியா கால்வாசியா என்ற பங்குக் கணக்குதான். மூலைகளுக்குக் குறி இருந்தால் நடுவில் உள்ள இடங்களை இயந்திரமே கணக்கிட்டுக்கொள்ளும்.

இதில் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. படத்தை எடுத்து முக்கோணத்தின்மேல் ஒட்டுகிறார்கள் என்று தோன்றும். நடப்பது எதிர்த்திசை. போன் திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளியும், ‘என் இடத்தில் எந்த முக்கோணம் தெரிகிறது? அதன்படி போர்வையில் எந்த இடம் எனக்கு?’ என்று கேட்டு, அந்த இடத்து நிறத்தை எடுத்துக்கொள்கிறது. தூணுக்குப் பின்னால் டிவி பாதி மறைந்ததற்குக் காரணமும் இதுதான். அந்தப் புள்ளிகளில் முன்னால் தெரிவது தூண். அவை டிவியின் போர்வையை அணுகுவதே இல்லை.

இந்தக் கேள்வி பதிலில் ஒரு சிக்கல் இருக்கிறது. தண்டவாளத்தின் நடுவில் நின்று பாருங்கள். காலடியில் கட்டைகள் தள்ளித்தள்ளிக் கிடக்கும், தொலைவில் நெருக்கியடித்து நிற்கும். கண்ணுக்குத் தெரியும் நீளத்தில் பாதிக்கு வந்தால் தண்டவாளத்தில் பாதிக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம் இல்லை. டிவியைச் சரிவாகப் பார்க்கும்போதும் அப்படியே. திரையில் அளந்த பாதி, போர்வையின் பாதி ஆகாது. தொலைவையும் கணக்கில் சேர்த்தால்தான் சரியான இடம் கிடைக்கும். சேர்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. 1994இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் விளையாட்டுகளில் தரை ஓடுகள் நெளிவதையும் சுவர்கள் வளைந்து துள்ளுவதையும் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பெட்டி தொலைவைச் சேர்க்காமல் போர்வையை விரித்தது. அதில் நம் டிவியை மாட்டியிருந்தால் மூலைவிட்டத்தில், இரண்டு முக்கோணங்களும் சந்திக்கும் கோட்டில், விளம்பரப் பெண்ணின் முகம் உடைந்திருக்கும். இன்றைய வரைகலைச் சில்லுகள் இந்தக் கணக்கை ஒவ்வொரு புள்ளிக்கும் போடுகின்றன. அதனால்தான் சரிந்த டிவியை நம் கண் சரிந்த டிவியாகவே ஏற்றுக்கொள்கிறது.

இதுவரை சொன்னது அசையாத போர்வை. அசையும் போர்வைக்கு நான் எப்போதும் காட்டும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. உலாவியில் முப்பரிமாணக் காட்சிகளை வரையப் பரவலாகப் பயன்படும் த்ரீ.ஜேஎஸ் என்ற நிரல் தொகுப்பை 2010இல் வெளியிட்டவர் ரிக்கார்டோ கபேயோ. அதன் இணையதளத்தில் உள்ள மாதிரிகளில் ஒன்றில் ‘சின்டெல்’ படம் ஓடுகிறது. பிளெண்டர் அறக்கட்டளை அதே 2010இல் வெளியிட்ட, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய குறும்படம் அது. மாதிரியில் குறுக்கே 20, நெடுக்கே 10 என்று 200 கனசதுரங்கள் சுவர்போல அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சுவரில் படம் ஓடும். சற்று நேரத்தில் கனசதுரங்கள் ஒன்றையொன்று விட்டு விலகி, உருண்டு, நாலாபக்கமும் மிதக்கத் தொடங்கும். ஆனால் ஒவ்வொன்றிலும் படத்தின் ஒரு துண்டு ஓடிக்கொண்டே இருக்கும். 200 காணொளிகளா? இல்லை, ஒன்றே ஒன்று. 200 கனசதுரங்களும் ஒரே போர்வையிலிருந்து தத்தம் பங்கை எடுக்கின்றன. குறிகள்தாம் வேறு வேறு.

சரி, அந்தப் போர்வை எப்படி அசைகிறது? அது அசைவதில்லை. மாற்றப்படுகிறது.

இணையப் பக்கத்தில், யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், சாதாரண வீடியோ ஒன்று ஓடுகிறது. நாம் யூடியூபில் பார்ப்பதுபோன்ற தட்டையான வீடியோதான். அதைத் திரையில் காட்ட வேண்டாம் என்று மறைத்துவைத்திருக்கிறார்கள், அவ்வளவே. காட்சியை வரையும் நிரல் அவ்வப்போது அங்கே எட்டிப்பார்த்து, அந்தக் கணத்தில் உள்ள பிரேமை நகலெடுத்து வந்து போர்வையில் பதிக்கிறது. அடுத்த முறை அடுத்த பிரேம். இந்த ‘எட்டிப்பார்த்து நகலெடுப்பது’ என்ற ஒற்றைச் செயல்தான் இரண்டு உலகங்களுக்கு இடையே உள்ள ஒரே பாலம்.

பாலத்தின் ஒரு கரையில் காட்சி. பல போன் திரைகள் விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. ஒவ்வொரு முறைக்கும் கிடைப்பது 17 மில்லிவிநாடிக்கும் குறைவான நேரம். அதற்குள் சுவர், தூண், நிழல் எல்லாவற்றையும் வரைந்து முடித்தாக வேண்டும். தாமதித்தால் விரலுக்கு அடியில் அறை திக்கும், சிலருக்குத் தலை சுற்றும். காட்சி யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது. மறுகரையில் காணொளி. சின்டெல் விநாடிக்கு 24 பிரேம் படம். 60ஐ 24ஆல் வகுத்தால் இரண்டரை. அதாவது ஒரு பிரேம் இரண்டு முறை, அடுத்தது மூன்று முறை என்று மாறிமாறிக் காட்டப்படும். ஒவ்வொரு முறையும் போய் நகலெடுத்தால் பாதிக்குமேல் பழைய பிரேமையே மறுபடி சுமந்து வருவோம். அதனால் ‘புதுப் பிரேம் வந்தால் என்னைக் கூப்பிடு’ என்று வீடியோவிடம் சொல்லிவைக்கும் வசதி 2020இல் குரோம் உலாவியில் வந்தது. மற்ற உலாவிகள் பின்னால் சேர்ந்தன.

சுமை என்று சொன்னதைக் கொஞ்சம் எடைபோடுவோம். முழு எச்டி பிரேமில் 1920க்கு 1080 புள்ளிகள், 20 லட்சத்துக்குமேல். புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு பிரேமுக்கு ஏறக்குறைய 8 எம்பி. 24 பிரேமுக்கு, அதாவது ஒரே விநாடிக்கு, 200 எம்பி. அத்தையின் ஒருநாள் டேட்டா பத்து விநாடியில் தீர்ந்திருக்கும். தீரவில்லை. ஏனென்றால் வழியில் வருவது படம் அல்ல, படம் செய்யும் குறிப்பு. எப்போதாவது ஒரு முழுப் பிரேம், பிறகு முன்னதிலிருந்து எது எங்கே நகர்ந்தது என்ற மாற்றங்கள் மட்டும். அதோடு நம் கண்ணின் பலவீனம் ஒன்றும் கைகொடுக்கிறது. வெளிச்ச வேறுபாட்டைக் கண் நுட்பமாகப் பார்க்கும். நிற வேறுபாட்டில் சற்று ஏமாளி. அதனால் வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி அனுப்பிவிட்டு, நிறத்தை நான்கு புள்ளிக்கு ஒருமுறை அனுப்பினால் போதும். விநாடிக்கு 5 மெகாபிட் என்று வரும் ஓடை, விரித்த படத்தோடு ஒப்பிட்டால் சுமார் முந்நூறில் ஒரு பங்கு. போனில் இதற்கென்றே உள்ள சில்லு அதை விரிக்கிறது. விரித்த பிறகுதான் நகல்.

(தலைகீழாக வந்து தொலைப்பதும் இந்த நகலில்தான். வீடியோ தன் வரிகளை மேலிருந்து கீழாக எண்ணும், போர்வை கீழிருந்து மேலாக. முதன்முதலில் இதைச் செய்து பார்த்தபோது என் டிவியில் எல்லாரும் சிரசாசனத்தில் செய்தி வாசித்தார்கள். ஒரே ஒரு அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆனது.)

இப்போது சிக்னல் போன கதைக்கு வரலாம். ஓடை என்று சொன்னாலும் அது ஓடையாக வருவதில்லை. தெருக் குழாயில் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் வருகிறது, ஆனால் மொட்டைமாடித் தொட்டி இருப்பதால் வீட்டுக் குழாயை எப்போது திறந்தாலும் தண்ணீர் வருகிறது. ஸ்ட்ரீமிங்கும் அப்படியே. ஆப்பிள் 2009இல் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையிலும், 2012இல் சர்வதேசத் தரமாக வந்த டாஷ் முறையிலும், காணொளியைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தெளிவு கூடியது குறைந்தது என்று பல தரங்களில் தயாராக வைத்திருப்பார்கள். போனில் உள்ள இயக்கி எந்தத் துண்டு எங்கே என்ற பட்டியலை முதலில் வாங்கிக்கொண்டு, துண்டுகளை ஒவ்வொன்றாக இறக்கித் தொட்டியில் நிரப்பும். தொட்டி வேகமாக நிறைந்தால் அடுத்த துண்டைத் தெளிவான தரத்தில் கேட்கும். வற்றினால் மங்கலானதைக் கேட்கும். முழுதாக வற்றிவிட்டால் காணொளி நிற்கும். காட்சி வழக்கம்போல எட்டிப்பார்க்கும். புதுப் பிரேம் இல்லை. போர்வையில் கடைசியாகப் பதிந்த படம் அப்படியே இருக்கும். அத்தையின் விளம்பரப் பெண் வாய் திறந்தபடி நின்றதும், கூடம் கவலையில்லாமல் சுழன்றதும் இதனால்தான். காட்சிக்குத் தேவையான முக்கோணங்களும் போர்வைகளும் முதலிலேயே இறங்கிவிட்டன, அதற்கு இனி நெட் தேவையில்லை.

காட்சிக்கும் காணொளிக்கும் கடிகாரம் வேறு வேறு என்பதை நீங்களே சோதிக்கலாம். ஒலியோடு காணொளி ஓடும் இப்படிப்பட்ட பக்கம் ஒன்றைக் கணினியில் திறந்துவைத்து, வேறு டேபுக்கு மாறுங்கள். பார்ப்பவர் இல்லை என்று உலாவி காட்சியை வரைவதை நிறுத்திவிடும். ஒலி தொடர்ந்து கேட்கும். திரும்பி வந்தால் அறை விட்ட இடத்திலேயே நிற்கும், டிவியில் கதை முன்னேறியிருக்கும்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தொட்டி நிரப்பும் இயக்கிக்கு நெட்டின் வேகம் தெரியும். டிவியை நீங்கள் எங்கிருந்து பார்க்கிறீர்கள் என்பது தெரியாது. சாதாரணப் பக்கத்தில் வீடியோப் பெட்டி எவ்வளவு பெரியது என்று பார்த்து, சிறிய பெட்டிக்குச் சிறிய தரம் போதும் என்று முடிவெடுக்க அதனால் முடியும். இங்கே வீடியோ மறைந்திருக்கிறது. நீங்கள் சமையலறை வாசலில் நின்று, டிவியைக் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இயக்கி தன் பாட்டுக்கு முழு எச்டியை இறக்கிக் குவிக்கும். தூரத்தைக் காட்சியிடம் கேட்டு இயக்கியிடம் சொல்லும் வேலையை நிரல் எழுதுபவர்தான் செய்ய வேண்டும். பெரும்பாலும் செய்வதில்லை.

அப்படித் தூரத்தில் நின்று பார்க்கும்போது டிவி மினுமினுப்பதையும் கவனித்திருக்கலாம். கட்டம்போட்ட சட்டை அணிந்தவர் டிவியில் வந்தால் சட்டை அலையடிக்குமே, அதே கோளாறு. திரையின் ஒரு புள்ளிக்குள் போர்வையின் நூறு புள்ளிகள் அடங்க வேண்டிய நிலையில், ஏதோ சிலவற்றை மட்டும் எடுத்தால் ஒவ்வொரு அசைவிலும் வேறு வேறு நிறம் சிக்கும். இதற்கு 1983இல் லான்ஸ் வில்லியம்ஸ் நல்ல தீர்வு சொன்னார். ஒரே படத்தைப் பாதி, கால், அரைக்கால் என்று சுருக்கிச் சுருக்கி முன்பே அடுக்கிவைத்து, தூரத்துக்கு ஏற்றதை எடுத்துக்கொள்வது. அத்தனை அடுக்குக்கும் கூடுதலாகத் தேவைப்படும் இடம் மூன்றில் ஒரு பங்குதான். சுவருக்கும் தரைக்கும் அடுக்கை ஒருமுறை செய்தால் போதும். காணொளிக்கோ ஒவ்வொரு பிரேமுக்கும் புதிதாகச் செய்ய வேண்டும். அந்தச் செலவு வேண்டாம் என்று த்ரீ.ஜேஎஸ் காணொளிப் போர்வைக்கு அடுக்கு செய்யாமலே விடுகிறது. அதன் விலைதான் இந்த மினுமினுப்பு.

நிரல் எழுதத் தொடங்குபவர்களை அதிகம் அழவைப்பது இவை எதுவும் அல்ல. எல்லாம் சரியாக எழுதியும் டிவி கறுப்பாகவே இருப்பது. காணொளி வேறொரு இணையதளத்தில் இருந்தால் உலாவி அதைப் போர்வையாக்க மறுத்துவிடும். ஏன் இந்தப் பிடிவாதம்? அதற்குப் பின்னால் ஒரு திருட்டுக் கதை இருக்கிறது.

உலாவிக்குள் வரைகலைச் சில்லை நேரடியாகப் பயன்படுத்தும் வெப்ஜிஎல் தரத்தின் முதல் பதிப்பு 2011 மார்ச்சில் வந்தது. அதில் பிற தளங்களின் படங்களையும் போர்வையாகப் பயன்படுத்த முடிந்தது. ஆனால் பயன்படுத்தினால், வரைந்து முடித்த ஓவியத்தைத் திரும்பப் படிக்க நிரலுக்கு அனுமதி கிடையாது. நீங்கள் உள்நுழைந்திருக்கும் வேறொரு தளத்தின் அந்தரங்கப் படத்தை ஒரு கள்ளப் பக்கம் எடுத்துப் படித்துவிடக் கூடாது அல்லவா? பாதுகாப்பு போதும் என்றுதான் நினைத்தார்கள். விரைவிலேயே காண்டெக்ஸ்ட் என்ற பிரிட்டிஷ் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஓட்டையைக் காட்டினார்கள். தேங்காயை உடைக்காமல் தட்டிப் பார்த்தே முற்றலா இளசா என்று சொல்வோமே, அதே வித்தை. போர்வையின் புள்ளி வெளிச்சமாக இருந்தால் நிறைய நேரம் எடுத்துக்கொள், இருட்டாக இருந்தால் உடனே முடி என்று வரைகலைச் சில்லுக்குச் சொல்லிவிட்டார்கள். பிறகு வரைய எவ்வளவு நேரம் ஆனது என்று மட்டும் அளந்தார்கள். புள்ளியைப் பார்க்கவே இல்லை. நேரத்தைப் பார்த்தார்கள். புள்ளிபுள்ளியாகப் படம் கையில் வந்துவிட்டது.

அதே ஆண்டு ஃபயர்ஃபாக்ஸ் 5 பிற தளப் படங்களைப் போர்வையாக்குவதைத் தடைசெய்தது. தரமும் திருத்தப்பட்டது. இப்போது வேறு தளத்துக் காணொளி வேண்டுமென்றால் இரண்டு கை தட்ட வேண்டும். நம் பக்கம் முறைப்படி கேட்க வேண்டும். காணொளி வைத்திருக்கும் சர்வர் ‘எனக்கு ஆட்சேபணை இல்லை’ என்று என்ஓசி இணைத்து அனுப்ப வேண்டும். சின்டெல் மாதிரியின் நிரலிலும் அந்தக் கேட்கும் வரி இருக்கிறது. பூட்டுப் போட்டு அனுப்பப்படும் கட்டணப் படங்களின் கதை வேறு. அவை விரிக்கப்படும் இடமே காவலுக்குள் இருப்பதால் எட்டிப்பார்த்து நகலெடுக்க வழியில்லை.

சின்டெல் மாதிரியைத் திறந்ததும் படம் தானாக ஓடாது, ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லும். கேட்காமலே சத்தம்போடும் விளம்பரங்களால் எல்லாரும் நொந்துபோய், 2018இல் குரோமும் மற்ற உலாவிகளோடு சேர்ந்து விதியை இறுக்கியது. ஒலி வேண்டுமென்றால் பார்ப்பவர் ஒருமுறையாவது பக்கத்தைத் தொட்டிருக்க வேண்டும். ஒலியில்லாப் படத்துக்கு விலக்கு உண்டு. அத்தையின் டிவி முதலில் ஊமையாக ஓடியது இதனால்தான்.

யூடியூப் காணொளியைச் சுவரில் மாட்ட வேண்டும் என்று கேட்பவர்கள் அதிகம். யூடியூப் தருவது புள்ளிகளை அல்ல, மூடிய ஒரு சன்னலை. அதைப் போர்வையாக்க முடியாது. ஆனால் தச்சர் தந்திரம் ஒன்று இருக்கிறது. காட்சியில் டிவி இருக்க வேண்டிய இடத்தில் வரையாமல் ஓட்டை விட்டுவிடுவது. அந்தச் சன்னலையே சரித்து, சுருக்கி, ஓட்டைக்குப் பின்னால் பொருத்துவது. கேமரா நகரும்போதெல்லாம் சன்னலையும் அதற்கேற்பச் சரிக்க வேண்டும். தூண் முன்னால் வந்தால் மறைக்கவும் செய்யும், ஏனெனில் தூண் வரையப்படும் இடத்தில் ஓட்டை இல்லை. நன்றாகச் செய்திருந்தால் வித்தியாசமே தெரியாது.

ஒரு விஷயத்தைத் தவிர. ஓட்டைக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று காட்சிக்குத் தெரியாது. அதனால் அந்த டிவி எதிலும் பிரதிபலிக்க முடியாது. பிரதிபலிப்பு இல்லை என்பதால் மட்டும் ஓட்டை என்று சொல்லிவிட முடியாது; செலவு மிச்சம் என்று விட்டிருக்கலாம். ஆனால் பிரதிபலிப்பு இருந்தால் காணொளியின் புள்ளிகள் காட்சிக்குள் வந்துவிட்டன என்று நம்பலாம்.

அத்தையிடமிருந்து போனை வாங்கி, டிவியை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தேன். பளபளவென்று டைல்ஸ். அதில், சோபாக் கால்களுக்கு நடுவே, லேசாக மங்கி, விளம்பரத்துப் பெண் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.